ஞானஸ்நானம் எடுத்து இத்தனை வருஷம், இன்னும் ஏன் இந்தத் தாகம்?

கேள்வி:

ஐயா, நான் கோட்டையூர் பக்கம் பிறந்தவள். தேவகோட்டையில் வாழ்க்கைப்பட்டு, ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். 2017இல் ஞானஸ்நானம் எடுத்தேன். கணவர் தடுக்கவில்லை, கூட வரவும் இல்லை. முதல் இரண்டு மூன்று வருஷம் வேதத்தைத் திறந்தாலே கண்ணீர் வரும். ஜெபத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. இப்போதும் தினமும் வாசிக்கிறேன். வரிகள் ஓடுகின்றன, உள்ளே எதுவும் இறங்குவதில்லை. ஆனால் இன்னும் ஏதோ இருக்கிறது, அங்கே நான் போய்ச் சேரவில்லை என்று ஒரு தவிப்பு மட்டும் விடுவதில்லை. பாஸ்டரிடம் சொன்னேன். "ஆண்டவர் கொடுக்கிற தண்ணீரைக் குடித்தவனுக்குத் தாகமே எடுக்காது என்று வசனம் இருக்கிறது. இன்னும் தேடுகிறாய் என்றால் நீ இன்னும் சரியாக இரட்சிக்கப்படவில்லை" என்றார். ஜெபக்குழுச் சகோதரி ஒருவர், அந்நிய பாஷை வரம் பெற்றால் எல்லாம் சரியாகும் என்கிறார். கொழுந்தனாரோ, "அங்கேயும் ஒண்ணும் கிடைக்கலியா அண்ணி?" என்று கேலி செய்கிறார். என் அப்பத்தா விடியற்காலையில் திருவாசகம் படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அந்த அமைதி இப்போதெல்லாம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அப்படி நினைப்பதே துரோகமா? இன்னொன்று. பாஸ்டர் கூடாது என்றதால் வீட்டுக் குத்துவிளக்கைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் முழங்கால் வலியோடு மாமியாரே உட்கார்ந்து தேய்க்கிறார். அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஜெபிக்க முடியவில்லை.

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு,

கணவரை விட்டால், உங்கள் கடிதத்தில் ஐந்து பேர் வருகிறார்கள். பாஸ்டர், ஜெபக்குழுச் சகோதரி, கொழுந்தனார் ஆகிய மூவரும் பேசுகிறார்கள். அப்பத்தாவும் மாமியாரும் வாயே திறக்கவில்லை. எனக்கென்னவோ அந்த இரண்டு பேரிடம்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது என்று படுகிறது. பேசியவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம்.

கவனித்தீர்களா, பாஸ்டரும் கொழுந்தனாரும் சொல்வது ஒரே கருத்துதான். ஒருவர் வசனத்தோடு சொல்கிறார், மற்றவர் கேலியோடு. கிடைத்திருந்தால் தேட்டம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கிடைக்கவில்லை. நீங்கள் கணக்கு டீச்சர், இந்த வாதம் உங்களுக்குச் சரியாகத்தான் தோன்றியிருக்கும். ஆனால் வேதத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை.

63ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். "தேவனே, நீர் என்னுடைய தேவன்" என்று தொடங்குகிறது. உரிமையோடு சொல்கிற பேச்சு அது. அடுத்த மூச்சிலேயே "அதிகாலமே உம்மைத் தேடுகிறேன்" என்கிறார். அதற்கும் அடுத்ததாக, வறண்டதும் விடாய்த்ததும் தண்ணீரற்றதுமான நிலத்திலே என் ஆத்துமா உம்மேல் தாகமாயிருக்கிறது என்கிறார். நம் சிவகங்கைச் சீமையில் சித்திரை வெயிலில் இருந்துகொண்டு வாசித்தால் இந்த வரிக்கு வியாக்கியானம் வேண்டியதில்லை. தெய்வம் தன்னுடையது என்று சொன்ன வாய்தான் தாகம் என்றும் சொல்கிறது. அந்நியர் யாரும் இப்படித் தவிப்பதில்லை.

பாஸ்டர் காட்டியது யோவான் 4ஆம் அதிகாரம், சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் சொன்னது. அந்த வசனம் பாதியில் நிற்கவில்லை. நான் கொடுக்கும் தண்ணீர் அவனுக்குள்ளே நித்திய ஜீவகாலமாய் ஊறுகிற நீரூற்றாயிருக்கும் என்று முடிகிறது. வேறு கிணறு தேடி அலைய வேண்டாம் என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். இனிமேல் குடிக்கவே வேண்டாம் என்று அதில் இல்லை. அதே ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் நீதியின்மேல் பசிதாகமுள்ளவர்களைப் பாக்கியவான்கள் என்கிறார். ஒரு வசனத்தை எடுத்து இன்னொரு வசனத்தை அடிப்பது நம் சபைகளில் ரொம்ப நாளாக நடக்கிறது. அதில் அடிபடுவது பெரும்பாலும் உங்களைப் போல மனசைத் திறந்து சொல்கிறவர்கள்தான். வாயை மூடிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் ஆவதில்லை.

பவுலையும் பாருங்கள். தமஸ்கு வழியில் ஆண்டவரையே கண்டவர். பிலிப்பியருக்கு எழுதும்போது காவலில் இருக்கிறார்; எத்தனையோ சபைகளை நட்டு, அடிபட்டு, கப்பல்சேதம் பார்த்து வந்துவிட்ட மனிதர். அந்த நிலையில், "நான் அடைந்தாயிற்று, அல்லது முற்றும் தேறினவனானேன் என்று எண்ணாமல்" ஆசையாய்த் தொடருகிறேன் என்று எழுதுகிறார். கிறிஸ்து என்னைப் பிடித்துவிட்டார், எதற்காகப் பிடித்தாரோ அதை நான் பிடிக்கப் போகிறேன் என்கிறார். உங்கள் பாஸ்டர் பவுலிடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் அவரும் சரியாக இரட்சிக்கப்படாதவர் பட்டியலில்தான் சேர்ந்திருப்பார்.

2017இல் நடந்தது நடந்ததுதான். தேவன் உங்களைப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது அன்றைக்கு வந்த கண்ணீரின் அளவைப் பார்த்து அல்ல; இன்றைக்குக் கண்ணீர் வரவில்லை என்பதால் அது ரத்தாகிவிடவும் இல்லை. அதை நீதிமானாக்கப்படுதல் என்போம். பரிசுத்தமாகுதல் என்பது அதிலிருந்து தொடங்கி ஆயுள் முழுக்க நடக்கிற காரியம். இரண்டாவது மெதுவாக நடக்கும்போதெல்லாம் முதலாவது நடந்ததா என்று சந்தேகப்படுவதுதான் நம் ஊர்ப் புதிய விசுவாசிகளை வாட்டுகிற பெரிய வியாதி. குணசாலிகளுக்கும் அது வந்திருக்கிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது இருதயம் அனல்கொண்டதை மேடைக்கு மேடை சொல்வார்கள். எட்டு மாதம்கூட ஆகாத நிலையில், 1739 ஜனவரி 4 அன்று, நான் இப்போது கிறிஸ்தவனே அல்ல என்று அவர் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்ததை யாரும் சொல்வதில்லை. அப்படி எழுதிய மனிதர் அதற்குப் பிறகு 50 வருஷத்துக்கு மேல் ஊழியம் செய்தார்.

சரி, அந்த வறட்சிக்கு வருகிறேன். நான் ஆயராக இருந்தாலும் ஆற்றுப்படுத்தல் பயிற்சியும் பெற்றவன் என்பதால் ஒன்றை முதலில் கேட்டாக வேண்டும். வேதம் வாசிக்கும்போது மட்டும்தான் ருசி இல்லையா, அல்லது எதிலுமே ருசி இல்லையா? வகுப்பில் ஒரு பையன் கடினமான கணக்கைத் தானாகப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போது உங்களுக்குச் சந்தோஷம் வருகிறதா? தூக்கம் சரியாக இருக்கிறதா, விடியற்காலை 3 மணிக்கே விழிப்புத் தட்டிவிடுகிறதா? சாப்பாடு இறங்குகிறதா? காரணமில்லாமல் அழுகை, எல்லாவற்றுக்கும் நானே காரணம் என்ற நினைப்பு, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறதா? இவற்றில் பலவும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். உபவாச ஜெபத்துக்கு முன்னால் டாக்டரிடம் போங்கள். தைராய்டு, ரத்தசோகை இரண்டும் நம் பெண்களுக்குச் சாதாரணமாக இருப்பவை, சோர்வைக் கொண்டுவருபவை. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஊரில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று தயங்கினால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், அவர் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

இப்படிப் பிரித்துப் பார்ப்பது இன்றைய மருத்துவம் கண்டுபிடித்தது மட்டுமல்ல. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த சிலுவை யோவான் என்ற துறவி இதையே கேட்கிறார்: இது உடல், மனநோயால் வந்த சோர்வா, தேவன் நடத்துகிற வறட்சியா? தேவகாரியத்தில் ருசி போய்விட்டது, ஆனாலும் தேவனை விட்டு விலகிவிட்டோமோ என்ற தவிப்பு போகவில்லை என்றால் அது வெறும் சோர்வு அல்ல என்கிறார். நோயாளிக்கும் சோம்பேறிக்கும் அந்தத் தவிப்பு இராது. உங்கள் கடிதத்தில் அது ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது.

அவர் தருகிற விளக்கம் எந்தத் தாய்க்கும் புரியும். புதிதாக வந்த ஆத்துமாவைத் தேவன் கைக்குழந்தைபோல மடியில் வைத்துப் பால் கொடுக்கிறார். குழந்தை வளர்ந்ததும் தாய் மார்பில் கசப்பைத் தடவிக்கொண்டு, இடுப்பிலிருந்து இறக்கி, நடக்க விடுகிறாள். அவர் சொல்வது கற்றாழைக் கசப்பு. நம் வீடுகளில் வேப்பிலையை அரைத்துத் தடவுவார்கள். பால்குடி மறக்கிற பிள்ளை முதல் சில நாள் போடுகிற கூச்சலை நீங்கள் உங்கள் வீட்டிலேயே கேட்டிருப்பீர்கள். அம்மாவுக்கு என் மேல் பிரியம் போய்விட்டது என்றுதான் அது நினைக்கும். 131ஆம் சங்கீதத்தில் அந்தக் கூச்சல் அடங்கிய பிள்ளை வருகிறது: பால்மறந்த குழந்தையைப்போல் என் ஆத்துமா எனக்குள் இருக்கிறது. தாயின் மடியில்தான் இருக்கிறது, பாலுக்காக இல்லை.

முதல் மூன்று வருஷக் கண்ணீர் பொய் என்று நான் சொல்லவில்லை. அது உங்களுக்கு அப்போது தேவைப்பட்டது. அதையே திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் வளர்ச்சியைத் தடுக்கும். அன்னை தெரசா இறந்து பத்து வருஷம் கழித்து, 2007இல், அவர் தன் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் வெளிவந்தன. கொல்கத்தாவில் பணியைத் தொடங்கிய காலத்திலிருந்து ஏறக்குறைய 50 வருஷம் ஜெபத்தில் அவருக்கு ஆறுதலே இருந்ததில்லை என்று அதில் தெரிந்தபோது பலரும் திகைத்தார்கள். எனக்கு அந்தச் செய்தி ஆறுதலாக இருந்தது. அந்த அம்மா தினமும் விடியற்காலை எழுந்து ஜெபத்தில் உட்கார்ந்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.

அந்நிய பாஷை பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. அது ஒரு வரம். கிடைத்தவர்கள் நன்றியோடு அனுபவிக்கட்டும். ஆனால் எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா என்று கொரிந்தியரிடம் பவுல் கேட்கிற கேள்விக்கு இல்லை என்பதுதான் பதில். அதைக் கேட்டுவிட்டு அவர் எழுதியது அன்பின் அதிகாரம். வரத்தை மருந்துச்சீட்டுபோல எழுதிக்கொடுப்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். காரைக்குடியில் வெள்ளிக்கிழமை ஒரு கூட்டம், சனிக்கிழமை யூடியூப்பில் ஒரு தீர்க்கதரிசி, மாசத்துக்கு ஒருமுறை வெளியூர் உபவாசக் கூடுகை, ஒவ்வொன்றிலும் ஒரு விதைக் காணிக்கை என்று ஓடுகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். வறட்சியைச் சத்தத்தால் மூடிவிடலாம், கொஞ்ச நாளைக்கு. நீங்கள் இதுவரை அந்தப் பக்கம் போகவில்லை என்று தெரிகிறது. போகாதீர்கள்.

இனி அப்பத்தா. உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் நின்றது இந்த இடத்தில்தான்.

திருவாசகம் எப்போது பாடப்பட்டது என்று அப்பத்தா சொல்லியிருப்பார். பாண்டியனின் அமைச்சர் குதிரை வாங்கப் பணத்தோடு போகிறார். திருப்பெருந்துறையில், அதாவது நம் அறந்தாங்கிக்குப் பக்கத்து ஆவுடையார்கோவிலில், குருந்த மரத்தடியில் குருவைக் காண்கிறார்; ஆட்கொள்ளப்படுகிறார். பிறகு குரு மறைந்துவிடுகிறார், இவர் மட்டும் நின்றுபோகிறார். அந்தப் பாட்டெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. ஆட்கொள்ளப்படாதவன் ஏங்கிப் பாடியது அல்ல, ஆட்கொள்ளப்பட்டவர் அழுது பாடியது. தன்னை அடியார்போல் நடிக்கிறவன் என்றுகூட அவர் நொந்துகொள்கிறார். உங்கள் அப்பத்தா அதைப் படித்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தது சும்மா இல்லை.

அவர் பாடிய சிவனும் நாம் ஆராதிக்கிற கிறிஸ்துவும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அப்பத்தாவும் ஒத்துக்கொள்ள மாட்டார், நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் இடம் மாறி வந்திருக்கிறீர்கள், அந்த மாற்றம் உண்மையானது. ஆனால் அருள் கிடைத்த பிறகு வருகிற ஏக்கம் எப்படி இருக்கும் என்பதை நீங்கள் பத்து வயதில், முகப்பில் பாயில் படுத்துக்கொண்டு, அரைத்தூக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். தேவன் உங்களைச் சந்தித்தபோது அந்தக் காதோடுதான் சந்தித்தார். அதை அறுத்துப்போட்டுவிட்டு வா என்று அவர் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்கு முன்னால் போனவர்கள் இருக்கிறார்கள். கவிஞர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி வளர்ந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய கிறிஸ்தவக் காப்பியமான இரட்சணிய யாத்திரிகம் வெளிவந்தது 1894இல். நடுவில் 36 வருஷம். ஞானஸ்நானத் தொட்டியோடு அவர் கம்பனைத் தொலைத்துவிடவில்லை என்பது அதன் விருத்தங்களைப் படித்தால் தெரியும். கிறிஸ்துவை அவர் அவசரமாகப் பாடிவிடவும் இல்லை. இந்தப் பக்கம் போப்பையர், அதாவது ஜி.யு. போப். கடைசிவரை கிறிஸ்தவக் குருவாகவே இருந்தவர், திருவாசகத்தை ஆங்கிலத்தில் 1900இல், தன் 80ஆம் வயதில் வெளியிட்டார். இவர்கள் யாரையும் துரோகி என்று நாம் சொல்வதில்லை.

அப்பத்தாவின் அமைதி நினைவுக்கு வருகிறது என்றால் உங்களுக்கு அமைதி வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். சபையில் மைக் சத்தம், வீட்டில் டிவி, பள்ளியில் பிள்ளைகள். பேசாமல் உட்கார்ந்தால் பிசாசு புகுந்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" என்பது 46ஆம் சங்கீதம். எகிப்தின் பாலைவனத்தில் 4ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவத் துறவிகள் இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள். இது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதல்ல, நாம் மறந்துபோனது.

எப்படித் தொடங்குவது? இப்போது நீங்கள் தினம் மூன்று நான்கு அதிகாரம் வாசிப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஒரு வருஷத்தில் வேதத்தை முடிக்கிற அட்டவணைப்படி. அதை நிறுத்திவையுங்கள். ஆமாம், ஆயர்தான் சொல்கிறேன். முதலில் ஒரு ஞாயிறு மத்தியானம் மாற்கு சுவிசேஷத்தை ஒரே மூச்சில் வாசியுங்கள். 16 அதிகாரம்தான், ஒன்றரை மணி நேரம் ஆகும். கோடு போடாமல், குறிப்பு எடுக்காமல், ஒரு கதையைப் படிக்கிறமாதிரி படியுங்கள். அதன்பிறகு தினமும் 20 நிமிஷம் போதும். சமையல், டிபன் பாக்ஸ், பள்ளி வேன் என்று பார்த்தால் உங்களுக்கு 5 மணிக்கு முன்னால்தான் வாய்க்கும். வாய்க்கவில்லை என்றால் பள்ளியில் மத்தியான இடைவேளையில் காலி வகுப்பறை இருக்கிறது. ஒரு சங்கீதத்தில் நான்கைந்து வசனம், அல்லது சுவிசேஷத்தில் ஒரு சம்பவம். மெதுவாக இரண்டு தடவை, முடிந்தால் உதடு அசைய, வாசியுங்கள். எங்கே மனசு இடறுகிறதோ அங்கே நின்றுவிடுங்கள். அந்த வரியையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பாருங்கள். அதைப் பற்றி ஆண்டவரிடம் சொல்ல ஏதாவது இருந்தால் சாதாரணப் பேச்சில் சொல்லுங்கள். "ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்" என்று நிரப்ப வேண்டாம். சொல்ல ஒன்றும் இல்லை என்றால் மீதி நேரம் சும்மா இருங்கள். 12ஆம் நூற்றாண்டுத் துறவி கிகோ என்பவர் வாசிப்பு, தியானம், ஜெபம், அமர்தல் என்று இதை நான்கு படியாக எழுதிவைத்தார். கத்தோலிக்க மடங்களில் இன்றும் நடக்கிறது. மனசு ஓடும். மிளகாய்த்தூள் அரைக்கக் கொடுக்க வேண்டியது, பரீட்சைத்தாள் கட்டு, எல்லாம் அந்த நேரத்தில்தான் வந்து நிற்கும். வரட்டும். ஓடிப்போன மனசைத் திட்டாமல் அந்த வரிக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள், அவ்வளவுதான். முதல் சில வாரம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். அதற்குள் இது எனக்கு ஒத்துவரவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

ராத்திரி படுக்குமுன் ஐந்து நிமிஷம் அன்றைய நாளைத் திரும்பிப் பாருங்கள். இயேசு சபையை நிறுவிய இக்னேசியார் தன் ஆட்களுக்கு எது தவறினாலும் இது தவறக்கூடாது என்று வைத்த பழக்கம் இது. எங்கே நன்றி சொல்லத் தோன்றியது, எங்கே எரிந்து விழுந்தேன், யாரிடம் நாளை போய்ப் பேச வேண்டும். உங்களைப் போலக் காலையில் எதுவும் உள்ளே இறங்காதவர்களுக்கு, ஆண்டவர் பகலில் வந்துபோன தடம் பெரும்பாலும் இந்த ஐந்து நிமிஷத்தில்தான் தெரிகிறது.

சங்கீதங்களில் சந்தோஷமானவற்றை மட்டும் பொறுக்காதீர்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிற 13ஆம் சங்கீதமும், கடைசிவரை இருட்டிலேயே முடிகிற 88ஆம் சங்கீதமும் வேதத்தில் இருப்பது உங்களைப் போன்றவர்கள் சொல்லிக்கொள்ளத்தான். வாக்குத்தத்தக் காலண்டரில் அவை வராது.

இப்போது மாமியார்.

ஆவியின் கனி என்று கலாத்தியரில் ஒன்பது சொல்லியிருக்கிறது. அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு என்று போகிறது. ஒன்றுகூட ஜெப அறைக்குள் தனியாக இருந்து காட்டக்கூடியது இல்லை. எல்லாவற்றுக்கும் எதிரில் இன்னொரு ஆள் வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்த ஆள் வியாழக்கிழமை சாயங்காலம் புளியும் சாம்பலும் வைத்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். ஜெபிக்க முடியவில்லை என்கிறீர்களே, அதை வறட்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். உள்ளே எதுவும் இறங்குவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆவியானவர் இதைவிடத் தெளிவாக எப்படிப் பேசுவார்?

சீரியாவின் படைத்தலைவன் நாகமான் குஷ்டம் நீங்கி, இனிக் கர்த்தருக்கே பலியிடுவேன் என்று எலிசாவிடம் சொல்கிறான். சொல்லிவிட்டு ஒரு சங்கடத்தையும் சொல்கிறான். என் ராஜா ரிம்மோன் கோவிலில் பணியும்போது என் கைமேல் சாய்ந்துகொள்வார், நானும் குனிய வேண்டிவரும், இந்த ஒரு காரியத்தைக் கர்த்தர் எனக்கு மன்னிக்க வேண்டும். எலிசா பிரசங்கம் செய்யவில்லை. வேலையை விட்டுவிடு என்றும் சொல்லவில்லை. "சமாதானத்தோடே போ" என்றார். 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரம். ரிம்மோன் கோவிலுக்குள் ராஜாவைத் தாங்கிப் பிடித்தவனுக்கே அந்தப் பதில் என்றால், முழங்கால் வலிக்கிற கிழவிக்குப் பித்தளை துலக்கிக் கொடுப்பதில் என்ன வந்துவிடப் போகிறது? விளக்கேற்றிக் கும்பிடுவது வேறு. அது உங்கள் வழிபாடு அல்ல, அவரும் வற்புறுத்தியதாக நீங்கள் எழுதவில்லை. துலக்குவது வீட்டு வேலை. உங்கள் மனச்சாட்சி இதற்கும் இடம் கொடுக்கவில்லை என்றால் செய்ய வேண்டாம், ரோமர் 14 அதற்கும் இடம் தருகிறது. ஆனால் அந்த மனச்சாட்சிதான் உங்களைத் துலக்கப் போ என்று குத்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைச் சொல்லும்போது எனக்கு ஓரியூர் நினைவு வருகிறது. உங்கள் ஊரிலிருந்து திருவாடானைப் பக்கம் போனால் வருகிற செம்மண் பூமி. பிப்ரவரி 4 அன்று கூட்டம் கூட்டமாகப் போவார்கள். 1693இல் இயேசு சபைக் குரு அருளானந்தர் அங்கே வெட்டுண்டு இறந்தார். அதற்குக் காரணமான சம்பவம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மறவர் சீமைத் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற விரும்பி, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுக்காரப் பெண். அவள் சேதுபதியிடம் போய் முறையிட்டாள். அருளானந்தரின் வீரத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அந்தப் பெண்கள் அதற்குப் பிறகு எங்கே போனார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒருவருடைய விசுவாசத்துக்கான விலையை வீட்டில் இன்னொருத்தி கொடுப்பது நம் பக்கத்தில் பழைய கதை. உங்கள் வீட்டில் அது ஒரு முழங்கால் வலி அளவில்தான் இருக்கிறது. அந்த அளவிலேயே சரிசெய்துவிடலாம்.

கொழுந்தனாருக்குப் பதில் தயார் செய்ய வேண்டாம். அவர் கேலி செய்தாலும் கேட்கத் தோன்றியிருக்கிறதே. அடுத்த தடவை கேட்டால் ஆமாம் தம்பி, தேடிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் காபி போடுங்கள்.

பாஸ்டர் விஷயம்தான் கொஞ்சம் சிக்கல். சபையை விட்டுவிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வரிகளுக்கு நடுவில் அது இருக்கிறது. இப்போதைக்கு விட வேண்டாம். வறட்சியான காலத்தில் பெரிய முடிவு எடுக்காதே என்பது இக்னேசியார் சொன்ன புத்தி, நான் எல்லாருக்கும் சொல்வது. திருவிருந்து, ஞாயிறு ஆராதனை தவறவிடாதீர்கள். அங்கே உங்களைப் போலவே பேசாமல் தவிக்கிற இன்னும் இரண்டு பேராவது இருப்பார்கள். பாஸ்டரிடம் இன்னொரு முறை போய், சண்டைக்கு இல்லாமல், 63ஆம் சங்கீதத்தைக் காட்டி எனக்கு இது எப்படி என்று விளக்குங்கள் என்று கேளுங்கள். நல்ல மனிதராக இருந்தால் யோசிப்பார். இரட்சிக்கப்படவில்லை என்று மறுபடியும் சொன்னால், அல்லது சபையில் உங்களை வைத்துச் சாட்சி சொல்ல ஆரம்பித்தால், அப்போது வேறு சபையைப் பற்றி யோசிக்கலாம். அதற்குள் உங்கள் மனசைத் திறந்து பேச, உங்களைவிட வயதில் மூத்த, நிறைய வருஷம் விசுவாசத்தில் நின்ற ஒரு பெண்மணியைத் தேடிக்கொள்ளுங்கள். மாசத்துக்கு ஒருமுறை சந்தித்தால் போதும். அறிவுரை மழை பொழிகிறவராக இருக்கக் கூடாது; கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அவர் சிஎஸ்ஐயா, கத்தோலிக்கரா என்று பார்க்க வேண்டாம். உங்கள் ஊரில் கன்னியர் மடங்களும் இருக்கின்றன. வயதான சிஸ்டர்களில் இதற்கென்றே நேரம் ஒதுக்குகிறவர்கள் உண்டு, போய்க் கதவைத் தட்டலாம்.

கோடை விடுமுறையில் முடிந்தால் இரண்டு நாள் எங்கேயாவது மௌனத் தியானத்துக்குப் போய்வாருங்கள், கணவரிடம் சொல்லிவிட்டு, பிள்ளைகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு. குளித்தலைக்குப் பக்கத்தில் காவிரிக் கரையில் தண்ணீர்ப்பள்ளியில் 1950இல் தொடங்கிய சாந்திவனம் ஆசிரமம் இருக்கிறது. ஆனால் அங்கே பிற சமய நூல்களிலிருந்தும் வாசிப்பார்கள். முதல் தடவைக்கு அது உங்களைக் குழப்பக்கூடும். கத்தோலிக்கத் தியான இல்லங்கள் மதுரையிலும் திண்டுக்கல்லிலும் உண்டு, மற்ற சபையாரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். போவதற்கு முன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் பிறகு. இந்த வாரம் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமை மாற்குவை வாசியுங்கள். மூன்று மாதம் கழித்து, முன்னேற்றம் உண்டா இல்லையா என்று எழுத வேண்டாம். எந்த வரியில் நின்றீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.